முகூர்த்த நாளில் மட்டும் நிற்கிற கார்

முத்துப்பேச்சி பால் வாங்கினால் ஒரு சொட்டைச் சுவரில் விட்டு, அது வழிகிற வேகத்தைப் பார்ப்பாள். கேஸ் சிலிண்டர் வந்தால் கொண்டு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சாய்த்துப் பார்ப்பாள், உருட்டிப் பார்ப்பாள். மகள் பவித்ராவுக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்து வரன் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், பையன் வீட்டுக்கு எதிர்வீட்டில் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். எதிர்வீட்டுக்காரி பையனைப் பற்றி நல்லதாகவே சொன்னாள். 'இம்புட்டு நல்லதாச் சொல்றாளே, இவளுக்கு அவங்க என்ன உறவோ' என்று யோசித்தபடிதான் திரும்பி வந்தாள்.

பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. பூ வியாபாரம் அப்படி ஆக்கிவிட்டது. மேலே இன்று பறித்த மொட்டு, அடியில் நேற்றைய மொட்டு என்று கட்டி விடுகிறவர்கள் எந்தச் சந்தையிலும் உண்டு. கணவர் முத்துக்கிருஷ்ணன் இருந்தவரை நிலக்கோட்டைக்குப் போய் வாங்குவது அவர் வேலை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் விற்பது இவள் வேலை. அவர் எல்லாரையும் நம்புவார். அதற்கும் சேர்த்து இவள் யாரையும் நம்பாமல் இருந்தாள். மஞ்சள் காமாலையில் அவர் போன பிறகு மார்க்கெட் கடையும், அவர் ஓட்டிய பழைய வெள்ளை காரும் மிஞ்சின. பெட்ரோல் கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பூ மூட்டை ஏற்றுவதற்கு வாகாகச் செய்து வைத்திருந்தார்.

அந்தக் காரைத்தான் இப்போது மருமகன் பழனிக்குமார் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். பவித்ராதான் இங்கே வந்துவிடலாம் என்றாள். 'வீட்டோட மாப்பிள்ளை' என்று மார்க்கெட்டில் ஒரு பேச்சு உடனே கிளம்பியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அல்லது போட்டுக்கொண்டதைக் காட்டவில்லை. "சாப்ட்டனுங்க அத்தை", "வந்துட்டனுங்க அத்தை" என்று எதற்கும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அதட்டிப் பேசும் ஆண்களையே பார்த்துப் பழகிய முத்துப்பேச்சிக்கு ஆரம்பத்தில் அந்தப் பணிவே சந்தேகமாக இருந்தது. மனிதர் வேலையில் சுணங்குவதில்லை என்று தெரிந்த பிறகு அந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தாள். தூக்கிப் போட்டுவிடவில்லை.

தை மாதம் முதல் முகூர்த்தத்தன்று போன் வந்தது.

"அத்தை, வண்டி நின்னு போச்சுங்க."

"எங்க?"

"சின்னாளபட்டிப் பிரிவுகிட்டீங்க. நல்லா ஓடிட்டு இருந்துச்சு, பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு. செல்ஃப் சுத்துதுங்க, இன்ஜின் புடிக்க மாட்டேங்குது."

"இங்க மண்டபத்துக்காரன் வந்து என் கழுத்துல நிக்கிறானே மாப்ள!"

அரை மணி நேரம் கழித்து வண்டி தானாகவே கிளம்பி வந்துவிட்டது. வந்த மல்லிகையில் பாதி வாய் திறக்க ஆரம்பித்திருந்தது. மண்டபத்துக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிப் போனார். எடை போட்டுப் பார்த்தால் நிலக்கோட்டையில் சொன்ன எடையைவிடக் குறைந்தது. வெயிலில் நின்ற பூ எடை இழக்கும். அது முத்துப்பேச்சிக்குத் தெரியாததல்ல. ஆனால் எவ்வளவு இழக்கும் என்பதில்தான் அவள் மனம் நின்றது.

மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டிக்கு ஒண்ணுமில்லம்மா, கன்னுக்குட்டி மாதிரி ஓடுது" என்றார். அடுத்த முகூர்த்தத்தில் அதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பிளக்கை மாற்றினார்கள். பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். செவ்வந்தி எடுக்க அகரம் போனால் வண்டி நிற்கவில்லை. சாதாரண நாளில் நிலக்கோட்டை போய் வந்தாலும் நிற்கவில்லை. முகூர்த்த நாளில் மட்டும் நின்றது. பூ தங்கம் விலை விற்கிற நாளில் மட்டும்.

'நாள் பாத்து நோவு வர்ற வண்டி எந்த ஊருல இருக்கு?' என்று முத்துப்பேச்சி தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். கேட்ட பிறகு தூக்கம் கெட்டது.

பக்கத்துக் கடை மாயம்மாள் அரளியும் செண்டுப்பூவும் விற்கிறவள். அவள்தான் ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஏ பேச்சி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கிற மாட்டியே?"

"சொல்லாம விட்டாத்தான் கோவிச்சுக்குவேன். சொல்லு."

"எங்கண்ணன் மகன் பஸ்ல வாரப்ப பாத்துருக்கான். சின்னாளபட்டிகிட்ட உங்க வெள்ளக் காரு நிக்குது. முன்கதவு தெறந்து கெடக்கு. ஒரு மூடைய எறக்கிப் புளியமரத்தடில வச்சிருக்கு."

"எறக்கியா?"

"எறக்கித்தான். மாப்பிள்ளை பக்கத்துல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தாராம். அங்கனதான நம்ம சுப்புத்தாயி கடை போட்டிருக்கா. நான் ஒண்ணும் சொல்லலம்மா. கண்டதச் சொன்னேன்."

சுப்புத்தாய் முன்பு முத்துப்பேச்சி கடையில் பூக் கட்டியவள். சண்டை போட்டுக்கொண்டு போய்ச் சின்னாளபட்டியில் சொந்தமாகக் கடை வைத்தாள். முத்துப்பேச்சி மாயம்மாளை வெடுக்கென்று பேசி வாயை அடைத்திருக்கலாம். "அப்படியா சேதி? பாக்குறேன்" என்று மட்டும் சொன்னாள். மார்க்கெட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள், பேச்சியின் மருமகன் வழியிலேயே பூவை விற்கிறார் என்று கடைசி வரிசை வரைக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் சின்னாளபட்டிக்கே போனாள். சுப்புத்தாய் கடையில் மல்லிகை பச்சரிசி மாதிரி கிடந்தது.

"பூ ஜோரா இருக்கே. எங்க வாங்குற?"

"நெலக்கோட்டைலதான். பூவ வேற எங்க வாங்குவாக?"

"யாரு கொண்டாந்து தாரா?"

"பஸ்சு."

"பஸ்சுக்குப் பேரு இருக்கா?"

சுப்புத்தாய் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "கெவர்மென்ட் பஸ்சு. நம்பர் வேணும்னா கண்டக்டர்கிட்டக் கேட்டுட்டு வாரேன், ஒக்காரு."

முத்துப்பேச்சி உட்காரவில்லை.

மாமியார் மருமகனிடம் நேராகக் கேட்கிற கேள்வி இல்லை இது. மகளைத்தான் கேட்க முடியும். அன்று சாயங்காலம் பவித்ரா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பவித்ரா, வண்டி நின்னா உங்க வீட்டுக்காரரு பூவ எதுக்கு ரோட்டுல எறக்கி வைக்கிறாரு?"

"காருக்குள்ள வச்சா வெந்துரும்னு நெழல்ல வைக்கிறாரு."

"நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காரு."

பவித்ரா அரிவாள்மனையை மடக்கிவிட்டாள். "என்னம்மா சொல்ற நீ?"

"நான் என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. நறுக்கு."

அடுத்த முகூர்த்தத்தன்று விடியற்காலையில் பழனிக்குமார் வண்டியை எடுக்கும்போது, முத்துப்பேச்சி வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "ஏனுங்க அத்தை, நீங்களும் வாரீங்களா?" என்றார். "காத்தாட வாரேன்" என்றாள். நிலக்கோட்டையில் அவளே நின்று வாங்கி, தன் கண்முன்னால் மூட்டைகளைப் பின்பக்கம் ஏற்ற வைத்தாள். முதல் தர மொட்டு இருந்த மூட்டை எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. வழி நெடுக அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். கொடைரோடு தாண்டியது, அம்பாத்துரை தாண்டியது. சின்னாளபட்டிப் பிரிவு வந்தபோது கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி நிற்கவில்லை. பிரிவைத் தாண்டித் திண்டுக்கல் வந்து, மார்க்கெட் வாசலில்தான் நின்றது.

வழியில் நின்றிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம் பழனிக்குமார் சாப்பிட உட்கார்ந்த நேரமாகப் பார்த்து, முத்துப்பேச்சி அடுப்படிப் பக்கம் திரும்பி மகளிடம் சொன்னாள். "சாவிய வாங்கி ஆணில மாட்டு பவித்ரா. அடுத்து பெரிய முகூர்த்தம் வருது. அதோட சரி. பெறகு வாடகை வண்டி சொல்லிக்கிறேன். நான் ஏறினா ஓடுது, ஏறாட்டி நிக்குது. எனக்கு எதுக்கு அப்படி வண்டி?"

பழனிக்குமார் தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"திருடன்னு சொன்ன வீட்டுல சோறு எறங்காதுங்க அத்தை" என்றார். பிறகு பவித்ராவிடம், "ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போலாம். துணிமணி எடுத்து வச்சுக்க. பெரிய முகூர்த்தம் வரைக்கும் ஓட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"போனாத் திரும்பி வரமாட்டாரும்மா" என்றாள் பவித்ரா. அழவில்லை. "நானும் வரமாட்டேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யி. எல்லாரும் பம்பு, பிளக்குன்னு மாத்தினாங்க. ஒயரிங் பாக்குற ஆள்ட்ட ஒருத்தரும் காட்டல."

முத்துப்பேச்சி யோசித்தாள். மருமகனுக்குப் பழக்கமில்லாத ஆளாக இருக்க வேண்டும் என்று தேடி, பேகம்பூர் பக்கம் கார் எலெக்ட்ரிக் வேலை பார்க்கிற சேவியரிடம் போனாள். காரைப் பழனிக்குமார் கொண்டுபோய் விட்டுவிட்டு, தள்ளிப் போய் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டார்.

சேவியர் எல்லாவற்றையும் கேட்டார். "ஓடுற வண்டில நோய் கண்டுபுடிக்க முடியாதுக்கா. நிக்கையிலதான் பாக்கணும். ஒண்ணு காட்டுறேன். இப்படிப் பின்னாடி வந்து, பெட்ரோல் டேங்க் பக்கம் காதக் குடுங்க."

அவர் முன்னால் போய்ச் சாவியைத் திருப்பினார். வண்டியின் வயிற்றுக்குள் 'ம்ம்ம்' என்று வண்டு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டு, உடனே அடங்கியது.

"கேட்டுச்சா? அது பம்பு. அதுதான் பெட்ரோல இன்ஜினுக்குத் தள்ளுது. அதுக்குக் கரண்ட் குடுக்குறது இது." முன்சீட்டில் உட்காருகிறவர் இடது கால் படும் ஓரத்தில், மூடி உடைந்துபோன ஒரு பெட்டிக்குள்ளிருந்து தீப்பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கட்டையைப் பிடுங்கிக் காட்டினார். "ரிலே. இதப் புடுங்கிட்டேன். இப்பச் சாவியப் போடுறேன், கேளுங்க."

சத்தமே இல்லை.

"வண்டி நின்னா இதே மாதிரி கேட்டுப் பாருங்க. சத்தம் வந்தா வேற கோளாறு. வரலைன்னா, பக்கத்துல மேல இருக்கு பாருங்க, ஹார்ன் ரிலே, ரெண்டும் ஒரே சாதி. அதப் புடுங்கி இதுல சொருகுங்க. வண்டி ஓடுச்சுன்னா ரிலேதான் போயிருக்கு."

"இந்தச் சத்தம் பொய் சொல்லாதே?"

"கரண்ட் வந்தா வரும், வராட்டி வராது. இதுல என்னக்கா பொய்?"

"இல்ல, ஓட்டுற ஆளே வேணும்னு சாவிய அணைச்சு நிறுத்தியிருந்தா?"

சேவியர் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். "அப்படின்னா திரும்பச் சாவி போட்டதும் சத்தம் வந்துரும்."

"ரிலேயப் புடுங்கி வச்சிருந்தா?"

"இருக்குற எடத்துல இருக்கான்னு பாத்துக்கங்க. நீங்க போலீஸ்ல இருக்க வேண்டிய ஆளு."

ரிலேயின் கால்களில் பச்சை படிந்திருந்தது. சுரண்டி மாட்டினார். பழசு, சூட்டில் ஒட்டிக்கொள்கிறதோ என்னவோ என்றார். புதுசு அவர் கையில் இல்லை. மதுரையிலிருந்து வர வேண்டும், முகூர்த்தத்துக்குள் வராது.

பெரிய முகூர்த்தத்தன்று நிலக்கோட்டையில் பூ மலையாகக் குவிந்திருந்தது. மண்டப ஆர்டரும் அதற்கேற்ற மாதிரி இருந்தது. காரின் பின்பக்கம் கூரை வரைக்கும் அடைத்த பிறகு, முதல் தர மொட்டு மூட்டை மட்டும் கீழே நின்றது. நனைத்த சாக்கு, நடுவில் ஐஸ் பொடி.

"இத எப்பவும் போல முன்னாடி கால்கிட்ட வச்சரட்டுங்களா?" என்று பழனிக்குமார் கேட்டார்.

"வேற எங்க வைக்க? வைங்க."

முத்துப்பேச்சி காலை அகட்டி மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேலை கீழே நனைந்து காலோடு ஒட்டியது. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அம்பாத்துரை தாண்டி, சின்னாளபட்டிப் பிரிவுப் பலகை கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, அப்படியே சத்தமில்லாமல் ஓரத்தில் உருண்டு நின்றது.

பழனிக்குமார் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் ஒண்ணும் பண்ணலீங்க."

முத்துப்பேச்சி மூட்டையைத் தள்ளிவிட்டு இறங்கிப் பின்பக்கம் ஓடினாள். நெடுஞ்சாலை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, டேங்க் பக்கம் காதை வைத்தாள்.

"சாவியப் போடுங்க மாப்ள!"

லாரி ஒன்று இரைந்துகொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தாள்.

"போட்டீங்களா?"

"போட்டுட்டனுங்க."

"நெசமா?"

"செவப்பு லைட்டு எரியுதுங்க. வந்து பாருங்க."

எழுந்து முன்னால் போய்ப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. அணைக்கச் சொல்லி, மறுபடி பின்னால் போய்க் குந்தினாள். "இப்பப் போடுங்க." காற்று மட்டும் கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். வண்டியின் வயிற்றுக்குள் ஒரு முனகலும் இல்லை.

முன்கதவுப் பக்கம் வந்தாள். பழனிக்குமார் உதவிக்குக் கையை நீட்டியபோது, "நீங்க தொடாதீங்க, நானே பாக்குறேன்" என்றாள். மூட்டையை நகர்த்தினாள். அது இதுவரை அந்த உடைந்த பெட்டியின் மேல்தான் சாய்ந்திருந்தது. ரிலே இருக்கிற இடத்தில் இருந்தது. பிடுங்கினாள். பிடுங்கிய குழியிலிருந்து ஜில்லென்று தண்ணீர் வழிந்து அவள் மணிக்கட்டைத் தாண்டி, வளையலுக்குள் இறங்கியது. மல்லிகை வாசனை அடித்தது.

அந்தக் கறுப்புக் கட்டையைத் திருப்பிப் பார்த்தாள். அதன் கால்களும் நனைந்திருந்தன.

பூ கொஞ்சமாக இருக்கிற நாளில் முன்னால் மூட்டை கிடையாது, ஐஸும் கிடையாது. முகூர்த்தத்தன்று மட்டும்தான் முதல் தரத்துக்குத் தனி மூட்டை. அது நிழலில் இறங்கி நின்றால் இங்கே சொட்டுவது நிற்கும், அரை மணியில் காயும், வண்டி கிளம்பும். போன தடவை அவள் ஏறியபோது மூட்டை பின்னால் இருந்தது. மூட்டையை முன்னால் வைக்கச் சொன்னது யார் என்பதும் நினைவிருந்தது. நிலக்கோட்டையில் சுமை ஏற்றுகிறவர்கள் பின்கதவு வழியாக ஒரு கை அள்ளிவிடுகிறார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். ஒருநாளும் யாரும் அள்ளி அவள் பார்த்ததில்லை. 'நல்ல பூவ முன்னாடி உங்க பக்கத்துச் சீட்டுக் காலடில வச்சுக்கங்க மாப்ள, ஒருத்தன் கையும் எட்டாது' என்று தை பிறக்கும்போதே சொல்லியிருந்தாள்.

முந்தானையால் குழியைத் துடைத்தாள். மேலே காய்ந்து கிடந்த ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி அதில் அழுத்தினாள்.

"போடுங்க."

இந்தத் தடவை பின்னால் போக வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டது. இன்ஜின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது.

"இங்க வைக்கச் சொன்னது நான்தான மாப்ள?"

"ஆமாங்க" என்றார் பழனிக்குமார்.

மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஹார்ன் அடிக்காது என்பது ஊருக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏலே ஒதுங்கு! ஏ ஆட்டோ, அங்கிட்டுப் போ!" என்று மார்க்கெட் வரைக்கும் கத்திக்கொண்டே வந்தாள். ஒரு டவுன் பஸ் டிரைவர் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். பழனிக்குமார் சிரித்த மாதிரி இருந்தது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

மார்க்கெட் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாவியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"திருடங்கறது வீட்டுக்குள்ள மட்டும் சொன்ன சொல்லு இல்லீங்க அத்தை. மார்க்கெட்டு பூராப் பேசுன சொல்லு."

"தெரியுது" என்றாள் முத்துப்பேச்சி.

ஈரச் சேலையோடு மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்ததும், மாயம்மாள் அரளிக் கூடையை விட்டுவிட்டு எழுந்தாள். "என்ன பேச்சி, இன்னைக்கும் நின்னுச்சா?"

"நின்னுச்சு." ஏலம் கூறுகிற குரலில் சொன்னாள். அந்தக் குரலை எடுத்தால் மீன் மார்க்கெட் வரைக்கும் கேட்கும். "மூடைல இருந்து ஐஸ் தண்ணி எறங்கி, ரிலே நனைஞ்சு, பம்புக்குக் கரண்ட் போகல. இத்தன நாளும் அதான். மூடைய அங்க வைக்கச் சொன்னவ நான். எங்க மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல."

பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றது. மாயம்மாள் லேசில் விடுகிறவள் இல்லை.

"இன்னைக்குச் சரித்தா, நீ கூட இருந்த. மத்த நாளு நின்னப்ப அம்புட்டு நேரம் அவரு என்ன பண்ணாருன்னு யாரு கண்டா?"

"பூவக் காத்துக்கிட்டு நின்னாரு."

"நீ பாத்தியா?"

முத்துப்பேச்சி மூட்டையைத் தரையில் இறக்கினாள். பார்க்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"பாக்கல" என்றாள். "பாக்காமத்தான் சொல்றேன். வேற யாருக்காவது எதாச்சும் கேக்கணுமா?"

மாயம்மாள் அரளியின் மேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தாள். பழனிக்குமார் இன்னொரு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மூட்டையை இறக்கி, வாயைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஞாயித்துக்கெழமை அகரத்துக்குச் செவ்வந்தி எடுக்கப் போகோணுங்களா அத்தை?"

"போகணும் மாப்ள."

"சரிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை எடுக்கப் போனார்.